கடலூரில் ஒரு ரேட்டு, முள்ளோடையில் ஒரு ரேட்டு

கடலூர்க்காரர்கள் கடலூரில் பெட்ரோல் போடுவது பெரும்பாலும் அவசரத்துக்குத்தான். அரை லிட்டரோ ஒரு லிட்டரோ ஊற்றிக்கொண்டு, முள்ளோடை வரை வண்டி ஓடினால் போதும் என்று கிளம்பிவிடுவார்கள். முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி. தாண்டியதுமே பங்க். 2022 மே மாதத்திலிருந்து 2024 மார்ச் வரை சென்னையில் பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் 63 பைசா. கடலூரில் அதைவிட ஒரு ரூபாய்க்கு மேல் கூடுதல். புதுச்சேரியில் 96 ரூபாய்ச் சொச்சம். அதே கம்பெனி, அதே சாலை, நடுவில் ஒரு எல்லைக்கோடு, ஏழு ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

இதில் லாபம் உண்டா என்று கேட்டால், வண்டியைப் பொறுத்தது. ஸ்கூட்டரில் ஐந்து லிட்டர் பிடிக்கும், அன்றைய ரேட்டில் மிச்சம் முப்பத்தைந்து ரூபாய். அதற்காகவே பத்து கிலோமீட்டர் போய்த் திரும்பினால் அந்த முப்பத்தைந்தும் சாலையிலேயே கரைந்துவிடும். காருக்கு டேங்கை நிரப்பினால் இருநூறு இருநூற்றைம்பது மிஞ்சும். லாரிக்காரர்களுக்கு இது விளையாட்டே இல்லை. முந்நூறு லிட்டர் டீசல் போடுகிறவருக்கு எங்கே நிறுத்துவது என்பதுதான் அந்த நடையின் லாபம். அதனால்தான் எல்லையோரத் தமிழ்நாட்டுப் பங்க்குகளில் ஈ ஓட்டுகிறார்கள்.

பெட்ரோல் விலை ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது, ஏன் காலத்துக்குக் காலம் மாறுகிறது என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பது நம் வழக்கம். உண்மையில் இரண்டும் தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: வரி போடுகிற கோடும், டேங்கர் லாரி ஓடுகிற தூரமும். இரண்டாவதுதான் வில்லங்கம். கச்சா எண்ணெய் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்பது பாடப்புத்தகப் பதில். நம் ஊரில் கேட்க வேண்டியது வேறு: கச்சா எண்ணெய் இவ்வளவு ஆட்டம் ஆடியும் பங்க் பலகையில் இருக்கிற எண் ஏன் மாதக்கணக்கில் அசையவே இல்லை?

முதலில் அந்த எல்லைக்கோட்டை முடித்துவிடுவோம்.

பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்குள் இல்லை. மத்திய அரசு லிட்டருக்கு இவ்வளவு என்று கலால் வரி வாங்குகிறது. அது நாடு முழுக்க ஒன்றே. அதற்கு மேல் மாநில அரசு தன் வாட் வரியைப் போடுகிறது. இதுதான் கோட்டுக்குக் கோடு மாறுவது. புதுச்சேரி இன்னும் வேடிக்கை. ஒரே அரசுதான், ஆனால் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று நான்கு பகுதிக்கும் நான்கு வாட் விகிதம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாநிலத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதால், பக்கத்து மாநிலத்தைவிடக் கொஞ்சம் குறைவாக வைத்தாலே வியாபாரம் வந்து குவியும் என்பது கணக்கு. கேரளாவுக்கு நடுவே கிடக்கும் மாஹே மொத்தமே 9 சதுர கிலோமீட்டர். அதற்குள் பங்க்குக்குப் பங்க் லாரி வரிசை. கேரளா 2023 ஏப்ரலில் சமூகப் பாதுகாப்புக்கென்று லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் செஸ் போட்டபோது, மாஹே பங்க்காரர்கள் அதை ஒரு பண்டிகையாகவே கொண்டாடியிருப்பார்கள். வித்தியாசம் பன்னிரண்டு ரூபாயைத் தாண்டிப் போனது. பிரெஞ்சுக்காரர்கள் எந்தக் கடற்கரையில் கிட்டங்கி வைத்தார்கள் என்பது, அவர்கள் 1954இல் மூட்டை கட்டிப் போன பிறகும், கோழிக்கோட்டு லாரிக்காரர் எங்கே டீசல் போடுகிறார் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஓசூரிலும் இதே கதைதான், அங்கே டீசல். 2022 முதல் 2024 நடுப்பகுதி வரை பெங்களூருவில் டீசல் சென்னையைவிட ஆறு ரூபாய்க்கு மேல் குறைவு. தமிழ்நாட்டு லாரிகள் கர்நாடகப் பக்கத்து அத்திப்பள்ளியில் நிரப்பிக்கொண்டுதான் எல்லை தாண்டும். 2024 ஜூனில் கர்நாடகா வரியை ஏற்றி, 2025 ஏப்ரலில் டீசலுக்கு இன்னொரு முறை ஏற்றியதும் இடைவெளி சுருங்கிப்போனது. புதுச்சேரியும் 2025 ஜனவரி முதல் தேதியில் வாட்டை ஏற்றியது. லிட்டருக்குச் சுமார் 2 ரூபாய். ஆக, கோட்டினால் வரும் வித்தியாசம் நிரந்தரம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்துகொள்கிற தொகை.

இந்தியாவின் இரண்டு முனைகளைச் சொல்லிவிடுகிறேன். அந்தமானின் போர்ட் பிளேரில் வாட் வெறும் 1 சதவீதம். 2024 மார்ச்சுக்குப் பிறகு அங்கே பெட்ரோல் 82 ரூபாய்ச் சொச்சம்தான். கப்பலில் ஏற்றிக் கடல் கடந்து கொண்டுபோய் விற்கிற இடத்தில் இந்த விலை. மறுமுனை ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகர். 2021 பிப்ரவரியில் நாட்டிலேயே முதலில் சாதா பெட்ரோல் நூறு ரூபாயைத் தொட்ட ஊர்களில் அது முன்னால் நின்றது. ராஜஸ்தானின் வாட்டும் அதிகம், எண்ணெய் டிப்போவும் தூரம். அந்த ஊர்க்காரர்களுக்கு முள்ளோடை மாதிரி ஒரு பஞ்சாப் எல்லை இருக்கிறது.

சரி, எல்லையே தாண்டாமல் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஏன் மாறுகிறது? வாட் மாநிலம் முழுக்க ஒன்றுதானே? இங்கேதான் தூரம் வருகிறது. எண்ணெய் கம்பெனிகளுக்கு ஆங்காங்கே எண்ணெயைத் தேக்கி வைக்கும் டெர்மினல்கள் உண்டு. மணலியில் சென்னை பெட்ரோலியம் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. அங்கிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் இந்தியன் ஆயில் குழாய் போட்டிருக்கிறது. கொச்சி ஆலையிலிருந்து இன்னொரு குழாய் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவை இருகூருக்கும் கரூருக்கும் வருகிறது. குழாயில் வருவது மலிவு. டெர்மினலில் இறங்கிய பிறகு டேங்கர் லாரியில் போவதுதான் செலவு. அந்த லாரி வாடகை ஒவ்வொரு பங்க்கின் விலையிலும் தனித்தனியாக ஏறும். அதனால்தான் மணலிக்குப் பக்கத்தில் இருக்கும் சென்னை மலிவு. நீலகிரி, கிருஷ்ணகிரி, தருமபுரி, கடலூர் எல்லாம் எப்போதும் சென்னையைவிட ஒன்றிரண்டு ரூபாய் கூடுதல். மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் பன்னிரண்டாயிரம் லிட்டரை ஏற்றிக்கொண்டு முதல் கியரில் முனகிப் போகிற லாரியின் வாடகையை ஊட்டிக்காரர்தான் கொடுத்தாக வேண்டும்.

எதிரெதிரே இரண்டு பங்க். ஒன்றில் பத்து பைசா கூட, மற்றதில் குறைவு. இதைப் பார்த்ததும் போட்டி என்று நினைப்போம். எனக்குத் தெரிந்த பங்க் முதலாளி ஒருவரிடம் கேட்டேன்.

"என்ன அண்ணே, எதிர்க்கடையில பத்துப் பைசா கம்மியா போட்டிருக்கானே, நீங்களும் குறைக்கக் கூடாதா?"

"நான் எங்க தம்பி குறைக்கிறது? காலையில ஆறு மணிக்கு ரேட்டு கம்பெனியில இருந்து மெஷினுக்கே வந்துடுது. நான் எந்திரிச்சுப் பல்லு விளக்கறதுக்குள்ள போர்டு மாறியிருக்கும். அவன் கம்பெனி டிப்போ கிட்ட இருக்கு, நம்முது தூரம். அவ்ளோதான்."

அவ்வளவுதான். அரசுக் கம்பெனிகளான இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றின் பங்க்குகளிலும் டீலருக்கு விலை வைக்கிற அதிகாரம் கிடையாது. அவருக்குக் கிடைப்பது லிட்டருக்கு இவ்வளவு என்று கமிஷன். 2022இல் டெல்லிக் கணக்குப்படி பெட்ரோலுக்கு 3 ரூபாய் 78 பைசா. அதில்தான் ஆள் சம்பளம், கரண்ட், ஆவியாகிப் போகிற எண்ணெய், வங்கி வட்டி எல்லாம். எதிர்க்கடையோடு போட்டி போட அவரிடம் இருப்பது ஓசிக் காற்று, சுத்தமான கழிப்பறை, "ஜீரோ பாத்துக்கங்க சார்" என்கிற ஒரு வார்த்தை.

வெளிநாடுகளில் இது தலைகீழ். ஜெர்மனியில் பங்க்குகள் ஒரே நாளில் பலமுறை விலையை மாற்றும். மக்கள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று 2013 முதல் எல்லாப் பங்க்கின் விலையையும் உடனுக்குடன் அரசின் போட்டி ஆணையத்துக்குத் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் காஸ்ட்கோ என்கிற பெரிய கடையின் பங்க்கில் அரை மணி நேரம் வரிசையில் நிற்கிற கதையைப் பெருமையாகச் சொல்வார்கள். அங்கே பங்க்குக்காரர் தானே பார்த்து விலை வைக்கிறார். கடைக்குள் காபியும் சிப்ஸும் விற்கத்தான் பெட்ரோலை மலிவாகப் போடுகிறவர்களும் உண்டு. நம்மிடம் அந்த ஆட்டமே இல்லை. இங்கே ஊர் சுற்றி மலிவான பங்க் தேடினால் மிஞ்சுவது பைசாக்கள்தான்.

விதிவிலக்கு தனியார் பங்க். ரிலையன்ஸ், ஷெல், நயாரா போன்றவர்கள் தங்கள் விலையைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அரசுக் கம்பெனிகள் விலையை அமுக்கி வைத்திருக்கும்போது அவர்களால் என்ன செய்ய முடியும்? 2008இல் ரிலையன்ஸ் நாடு முழுக்க ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட பங்க்குகளை இழுத்து மூடியது. அரசு மானியம் அரசுக் கம்பெனிகளுக்கு மட்டும்தான், அந்த விலைக்கு எங்களால் விற்க முடியாது என்று. 2023 அக்டோபரில் ஷெல் பங்க்கில் டீசல் 130 ரூபாயை ஒட்டி நின்றது. சென்னையில் எதிர்ப்பக்கம் அரசு பங்க்கில் 94 ரூபாய் 24 பைசா. அங்கே யார் நின்று போட்டார்கள் என்பது எனக்குப் புரியாத மர்மம். கம்பெனி கார்டு வைத்திருப்பவர்களாக இருக்கும்.

நடுவில் ஒரு குறிப்பு, பலரும் கேட்பதால். அதிகாலையில் போட்டால் எண்ணெய் குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும், கூடக் கிடைக்கும் என்பார்கள். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும் என்பது உண்மைதான். ஆனால் தொட்டி தரைக்கு அடியில் இருக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் அங்கே வெப்பம் பெரிதாக மாறாது. நூறுக்குப் போடாதே, நூற்றிப்பத்துக்குப் போடு என்பதும் இதே ரகம். சந்தேகம் இருந்தால் பங்க்கில் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவைக் கேன் இருக்கும், பிடித்துக் காட்டச் சொல்லலாம். 25 மில்லிக்கு மேல் குறைந்தால் சண்டை போடலாம். அது உங்கள் உரிமை.

இனி காலத்துக்கு வருவோம்.

ஒரு லிட்டரின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் இது விளங்கும். 2022 மே இறுதிக்குப் பின் டெல்லியில் பெட்ரோல் 96 ரூபாய் 72 பைசா. அதில் எண்ணெயின் அடிப்படை விலையும் வண்டி வாடகையும் சேர்ந்து 57 ரூபாய் 33 பைசா. மத்திய கலால் 19.90. டீலர் கமிஷன் 3.78. டெல்லி அரசின் வாட் 15.71. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

அந்த அடிப்படை விலையே ஒரு விசித்திரப் பிறவி. மணலியில் சுத்திகரித்த பெட்ரோலுக்கு மணலிச் செலவை வைத்து விலை போடுவதில்லை. அரசு அமைத்த ரங்கராஜன் குழுவின் யோசனைப்படி 2006 முதல், அதே பெட்ரோலை வளைகுடாவிலிருந்து இறக்குமதி செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 80 பங்கும், ஏற்றுமதி செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 20 பங்கும் எடை கொடுத்துக் கணக்கிடும் முறை வந்தது. இறக்குமதிக் கணக்கில் கப்பல் வாடகை, காப்பீடு, சுங்க வரி எல்லாம் உண்டு. கிளம்பவே கிளம்பாத ஒரு கப்பலுக்கு நாம் வாடகை கொடுக்கிறோம். நியாயம் இல்லாமல் இல்லை, ஆலைக்காரர் வெளியே விற்றாலும் அந்த விலைதானே கிடைக்கும் என்பது வாதம். இதனால் நடப்பது என்னவென்றால், கச்சா எண்ணெய் மட்டுமல்ல, சுத்திகரித்த பெட்ரோலின் வெளிச்சந்தை விலையும், டாலர் மதிப்பும் சேர்ந்து நம் விலையை இழுக்கும்.

அதற்கு மேல் வரி. மாநில வாட்டில் இரண்டு வகை உண்டு: சதவீதம், அல்லது லிட்டருக்கு இவ்வளவு ரூபாய். சதவீதமாக வாங்கினால் எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் அரசுக்கும் தானாக வருமானம் ஏறும். தமிழ்நாடு முன்பு பெட்ரோலுக்கு 34 சதவீதம் வாங்கிக்கொண்டிருந்தது. 2020 மே மாதத்தில் அதை மாற்றி, சதவீதம் பாதி, நிலையான தொகை பாதி என்று ஆக்கினார்கள். 2021 ஆகஸ்டில் அப்போதைய மாநில நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் நிதிநிலை அறிக்கையில் 3 ரூபாய் குறைத்தபோது அது 13 சதவீதம் கூட்டல் 11 ரூபாய் 52 பைசா என்று ஆனது. இன்று நாம் சென்னையில் லிட்டருக்குக் கொடுக்கும் வாட் இருபது ரூபாய்க்கு மேல் வந்தாலும், எண்ணெய் பத்து ரூபாய் ஏறினால் அரசின் பங்கு 1 ரூபாய் 30 பைசாதான் ஏறும். பழைய முறையில் 3 ரூபாய் 40 பைசா ஏறியிருக்கும். இந்த மாற்றத்தை யாரும் மேடையில் பேசுவதில்லை. பேச வேண்டிய விஷயம்.

இன்னொன்று, வாட் என்பது கலால் வரியின் மேலும் சேர்த்துப் போடப்படுகிறது. வரிக்கு வரி. அதனால் மத்திய அரசு கலாலைக் குறைத்தால் மாநில வரியும் தானாகக் கொஞ்சம் குறையும். 2022 மே 21 இரவு பெட்ரோலுக்கு 8 ரூபாய் கலால் குறைப்பு என்று அறிவித்தபோது, நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இதனால் விலை 9 ரூபாய் 50 பைசா குறையும் என்று சொன்னது அந்தக் கணக்கில்தான். மறுநாள் டெல்லியில் 8.69 குறைந்தது. சென்னையில் 110.85 என்பது 102.63 ஆனது, அதாவது 8.22. ஏன் சென்னைக்குக் குறைவு? தமிழ்நாட்டின் சதவீதப் பங்கு சிறியது, அதனால் வரிக்கு வரி குறைவதும் சிறியது. ஏறும்போது நம்மைக் காப்பாற்றிய அதே சூத்திரம், இறங்கும்போது கொஞ்சம் வஞ்சித்தது.

மத்திய கலாலுக்குள்ளும் ஒரு சூட்சுமம். அந்த 19.90இல் அடிப்படைக் கலால் வெறும் 1 ரூபாய் 40 பைசா. மற்றதெல்லாம் சிறப்புக் கூடுதல் கலால், சாலை செஸ், விவசாய செஸ் என்ற பெயர்களில் வருபவை. மாநிலங்களோடு பங்கு போட வேண்டியது அடிப்படைக் கலாலை மட்டும்தான். நிதிக்குழு சொன்ன 41 சதவீதத்தை அந்த 1.40க்குப் போட்டால் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து லிட்டருக்கு 57 பைசா. அப்புறம் மாநிலங்கள் வாட்டைக் குறைக்கவில்லை என்று டெல்லியிலிருந்து குற்றச்சாட்டு வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரலாமா என்று 2021 செப்டம்பரில் லக்னோவில் கவுன்சில் கூடிப் பேசி, இது நேரமில்லை என்று கலைந்தது. மத்திய அரசுக்கும் மனதில்லை, மாநிலங்களுக்கும் மனதில்லை. அபூர்வமான ஒற்றுமை.

இனி அந்த அசையாத எண்.

காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. 2010 ஜூனில் பெட்ரோல் விலையையும், 2014 அக்டோபரில் டீசல் விலையையும் அரசு கைவிட்டது, சந்தையே தீர்மானிக்கும். நாடாளுமன்றத்தில் யார் கேள்வி கேட்டாலும் இந்த இரண்டு தேதிகளோடுதான் பதில் தொடங்கும். முதலில் மாதத்துக்கு இருமுறை, 1ஆம் தேதியும் 16ஆம் தேதியும் விலை மாறிக்கொண்டிருந்தது. 2017 மே மாதம் புதுச்சேரி உட்பட ஐந்து ஊர்களில் தினசரி விலையைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். ஜூன் 16 முதல் நாடு முழுக்கத் தினமும் காலை 6 மணி விலை. தினமும் பத்துப் பைசா, இருபது பைசா என்று மாறும், யாருக்கும் வலிக்காது என்றார்கள்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 2018இல் கர்நாடகத் தேர்தலுக்கு முன் 19 நாள் விலை அசையவில்லை. வாக்குப்பதிவு முடிந்த கையோடு ஏறத் தொடங்கியது. 2021இல் தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி, மேற்கு வங்கம், அசாம் தேர்தல்கள். பிப்ரவரி கடைசியிலிருந்து விலை ஏறவே இல்லை, சில பைசாக்கள் இறங்கக்கூடச் செய்தது. மே 2 வாக்கு எண்ணிக்கை. மே 4 முதல் ஏற்றம். ஜூலை 2 அன்று சென்னை நூறைத் தாண்டியது. அதே ஆண்டு நவம்பர் 4 முதல் 137 நாள் மறுபடி மௌனம். அந்த இடைவெளியில் உத்தரப் பிரதேசம், பஞ்சாப் தேர்தல்கள் நடந்தன, உக்ரைனில் போர் வெடித்தது, கச்சா எண்ணெய் நூறு டாலரைத் தாண்டிப் பறந்தது. பலகை அசையவில்லை. மார்ச் 10 முடிவுகள் வந்தன. மார்ச் 22 தொடங்கிப் பதினாறு நாளில் பதினான்கு முறை ஏற்றி, பத்து ரூபாயை வசூலித்துவிட்டார்கள். 2024இல் மார்ச் 14 இரவு 2 ரூபாய் குறைப்பு. மக்களவைத் தேர்தல் தேதி மார்ச் 16 அன்று அறிவிக்கப்பட்டது.

கம்பெனிகள்தான் முடிவு செய்கின்றன, அரசுக்குச் சம்பந்தமில்லை என்பார்கள். இருக்கட்டும். தேர்தல் அட்டவணையைப் படித்துவிட்டு விலை போடுகிற சந்தையை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

ஆனால் தேர்தலை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான். மிச்சப் பாதி, விலை இறங்கும்போது நடப்பது. 2014 மே மாதம் கச்சா எண்ணெய் பீப்பாய் நூறு டாலருக்கு மேல். டெல்லியில் பெட்ரோல் 71 ரூபாய் 41 பைசா, கலால் லிட்டருக்கு 9.48. 2021 பிப்ரவரியில் கச்சா எண்ணெய் அறுபது டாலர் சொச்சம். டெல்லியில் பெட்ரோல் தொண்ணூறைத் தாண்டியது. கலால் 32.90. டாலர் 59 ரூபாயிலிருந்து 73 ஆனதும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் பெரிய பங்கு வரிதான். 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை கச்சா எண்ணெய் சரியச் சரிய ஒன்பது முறை கலாலை ஏற்றினார்கள்.

2020 ஏப்ரல் 20 நினைவிருக்கும். கொரோனாவில் உலகம் முடங்கிக் கிடந்தபோது அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெய் மைனஸ் 37 டாலருக்குப் போனது. வாங்கிக்கொண்டு போனால் காசும் தருகிறேன் என்கிற நிலை. நம் ஊரில் விலை குறையும் என்று வாட்ஸ்அப்பில் மீம் பறந்தது. மே 4 அன்று தமிழ்நாடு வாட்டைத் திருத்தியதில் பெட்ரோல் 3 ரூபாய் 25 பைசா ஏறியது. மறுநாள் இரவு மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கலாலைக் கூட்டியது, ஆனால் பலகை மாறவில்லை. அதாவது குறைந்திருக்க வேண்டிய 10 ரூபாய், நம் கண்ணில் படாமல் வரியாக மாறிப்போனது. பொதுமுடக்கத்தில் வருமானம் வற்றிப்போன அரசுகளுக்கு அப்போது வேறு வழி இருந்ததா என்று கேட்டால் எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. கல்லூரிப் பேருந்துக்கும் ஆம்புலன்சுக்கும் அரிசி லாரிக்கும் ஒரே வரி என்பதுதான் உறுத்துகிறது.

சரி, வரியும் மாறாமல் விலையும் மாறாமல் இருந்த காலத்தில்? 2022 மே முதல் 2024 மார்ச் வரை சென்னையில் 102.63. ஏறத்தாழ இருபத்திரண்டு மாதம். அந்தக் காலத்தில் கச்சா எண்ணெய் 120 டாலரையும் பார்த்தது, எழுபது டாலர் சொச்சத்தையும் பார்த்தது. அந்த அசைவெல்லாம் எங்கே போனது? மூன்று கம்பெனிகளின் கணக்குப் புத்தகத்துக்குள். 2022 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மூன்றும் சேர்ந்து 21,201 கோடி ரூபாய் நட்டம். கச்சா எண்ணெய் இறங்கி, மலிவான ரஷ்ய எண்ணெயும் வரத் தொடங்கிய பிறகு, 2023-24 நிதியாண்டில் மூன்றும் சேர்ந்து சுமார் 81,000 கோடி லாபம். முதலில் நமக்காகக் கம்பெனி நட்டப்பட்டது. பிறகு கம்பெனிக்காக நாம் கூடக் கொடுத்தோம். ஒருவகையில் இது நல்ல ஏற்பாடுதான். தினமும் விலை ஆடினால் வாடகை ஆட்டோக்காரர் எப்படிப் பிழைப்பார்? என் குறை ஒன்றே ஒன்று. எவ்வளவு நட்டம் வரை தாங்கப்படும், எவ்வளவு லாபம் வந்ததும் திருப்பித் தரப்படும் என்பதை எழுதி வைத்தால் அது கொள்கை. யாருக்கும் சொல்லாமல் செய்தால் அது கைமாற்றுக் கணக்கு, அதுவும் ஒருவர் மட்டுமே நோட்டு வைத்திருக்கிற கணக்கு.

இந்தச் சொல்லாமல் செய்யும் பழக்கத்தில் அடிபடுகிறவர்களில் பங்க் முதலாளிகளும் உண்டு. 2021 தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை கலால் குறைப்பு அறிவிப்பு வந்தது: பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 10. ஊரே கொண்டாடியது. பண்டிகைக் கூட்டம் வரும் என்று டீலர்கள் தொட்டிகளை நிரப்பி வைத்திருந்தார்கள், பழைய வரியைக் கட்டி, பழைய விலையில். மறுநாள் காலை அதே எண்ணெயைப் புது விலைக்கு விற்க வேண்டியதாயிற்று. இருபதாயிரம் லிட்டர் டீசல் கையிருப்பு என்றால் ஒரே ராத்திரியில் இரண்டு லட்சம் காலி. விலை ஏறும்போது இதே வழியில் லாபமும் வரும்தானே என்று அந்த அண்ணனிடம் கேட்டேன்.

"வரும் தம்பி. ஏறும்போது முப்பது பைசா, எண்பது பைசான்னு வரும். இறங்கும்போது பத்து ரூபா ஒரே அடியா இறங்கும். அதுவும் எப்ப? லோடு இறக்கி வெச்ச அன்னிக்கு."

எத்தனால் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். கரும்பிலும் மக்காச்சோளத்திலும் எடுத்ததைக் கலந்தும் விலை ஏன் குறையவில்லை என்று கேட்கிறார்கள். அரசே 2025இல் சொன்ன கணக்குப்படி, போக்குவரத்தும் ஜிஎஸ்டியும் சேர்த்து எத்தனாலின் சராசரிக் கொள்முதல் விலை லிட்டருக்கு 71 ரூபாய்ச் சொச்சம். சுத்திகரித்த பெட்ரோல் அப்போது அதைவிட மலிவாக இருந்தது. அன்னியச் செலாவணி மிச்சமாகலாம், விவசாயிக்குப் பணம் போகலாம். நம் பாக்கெட்டுக்கு அதில் எதுவும் இல்லை, மைலேஜ் கொஞ்சம் அடிவாங்குவதைத் தவிர.

கடைசியாக 2025 ஏப்ரல் 7. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் சரிந்துகொண்டிருந்தது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் கலால் 2 ரூபாய் உயர்வு என்று மதியம் செய்தி வந்ததும், எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் "நாளைக்கு ரேட்டு ஏறுது, இன்னிக்கே ஃபுல் பண்ணிக்கோங்க" என்று ஒருவர் போட, பாதிப் பேர் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பலகையில் மாற்றமில்லை. கூடுதல் வரியைக் கம்பெனிகளே ஏற்றுக்கொள்ளும் என்று பெட்ரோலிய அமைச்சகம் முன்னாலேயே சொல்லிவிட்டிருந்தது. 2 ரூபாய் குறைத்திருக்கலாம், குறைக்கவில்லை என்பதைத்தான் அந்த வாக்கியம் மரியாதையாகச் சொல்கிறது. இரவெல்லாம் வரிசையில் நின்று நிரப்பியவர்கள் ஏமாந்துபோய், ஏறவில்லையே என்று சந்தோஷமும் பட்டார்கள். சமையல் சிலிண்டர் 50 ரூபாய் ஏறியதும் அதே நாள்தான். ஊரில் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான்.